மறுக்கும் உரிமை: இவான் இல்லிச்சின் 1968ஆம் ஆண்டு உரையும் இளைஞர் தொண்டுப் பயணங்களும்

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், கோடை விடுமுறையில் மெக்சிக்கோக் கிராமங்களுக்குத் தொண்டு செய்யச் செல்லும் வட அமெரிக்க மாணவர் அமைப்பொன்றின் கூட்டத்தில் இவான் இல்லிச் ஓர் உரை நிகழ்த்தினார். அளவிற் சிறிய உரை. ஒரே அமர்வில் படித்து முடித்துவிடலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அயல்நாட்டுத் தொண்டுப் பயணம் பற்றிய பேச்சு எங்கெழுந்தாலும் அவ்வுரை சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் புகழில் பாதி தலைப்பினால் வந்தது எனலாம். நல்லெண்ணங்கள் நரகத்துக்குப் போகட்டும் என்பது தலைப்பின் பொருள். அதனை மட்டும் கேட்டுவிட்டு உரையையே அறிந்ததாக எண்ணுவோரும் உளர்.

இவ்வுரையை இப்போது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. குறைந்த செலவில், குழுவாக, இரண்டு மூன்று வாரங்களுக்கு, பண்பாட்டுப் பரிமாற்றம் என்னும் பெயரில் இளைஞரை அயல்நாட்டுக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடுகள் பெருகியுள்ளன. இறையியல் மாணவரும் இத்தகைய அழைப்புகளைக் கொண்டுவந்து ஆலோசனை கேட்கின்றனர். அவர்களிடம் இல்லிச்சின் உரையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்று கருதும் ஆசிரியர் சிலரை நாம் அறிவோம். போதாது என்பதே நமது கருத்து. எனினும் முதலில் உரையை அதற்குரிய இடத்தில் வைத்து நோக்குதல் வேண்டும்.

இல்லிச் 1926ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தவர். 1951இல் ரோமில் குருப்பட்டம் பெற்றவர். நியூயார்க் நகரில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடியேறிய ஏழை மக்களிடையே பணியாற்றிய பின், 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் துணைத் தலைமைப் பொறுப்பேற்றார். 1961இல் மெக்சிக்கோவின் குவர்நவாக்கா நகரில் ஒரு பயிற்சி நடுவத்தை நிறுவினார். இலத்தீன் அமெரிக்காவுக்குச் செல்லும் அருட்பணியாளருக்கு ஸ்பானிய மொழி கற்பிப்பது அதன் வெளிப்படையான நோக்கம். தாம் ஏன் வந்தோம் என்று அவர்களையே ஐயுறச் செய்வது அதன் உள்நோக்கமாக இருந்தது. அதே 1961ஆம் ஆண்டில்தான் கென்னடி அமெரிக்க அமைதிப் படையைத் தொடங்கினார். வட அமெரிக்கத் துறவு சபைகள் தம் உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினரைப் பத்தாண்டுகளுக்குள் இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டும் என்று வாத்திக்கன் கேட்டுக்கொண்டதும் அவ்வாண்டே. அரசின் அழைப்பும் திருச்சபையின் அழைப்பும் ஒரே காலத்தில் எழுந்ததை இல்லிச் தற்செயலாகக் கருதவில்லை. 1967 ஜனவரியில் இயேசு சபையாரின் வார இதழொன்றில் இத்தகைய ஈகையின் அழகற்ற மறுபுறத்தைக் குறித்து அவர் கடுமையான கட்டுரை ஒன்றை எழுதினார். 1968 ஜூன் மாதத்தில் ரோமுக்கு அழைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். நாம் ஆயும் உரை அதற்கு இரண்டு மாதம் முந்தியது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டுப் பதினாறு நாள்களே ஆகியிருந்தன. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. தம் நாட்டின் நகர்ச்சேரிகள் எரிந்துகொண்டிருக்கையில் அயல்நாட்டுக் கிராமத்துக்குச் சுவரெழுப்பச் செல்லும் இளைஞரை நோக்கி அவர் பேசினார் என்பதை மறந்தால் உரையின் சூடு நமக்கு விளங்காது.

உரையின் சாரம் இது. மாணவரின் நல்லெண்ணத்தை இல்லிச் ஐயுறவில்லை. அதனைப் பெரிதென்றே ஒப்புக்கொள்கிறார். ஆனால் தாம் அறியாமலேயே அவர்கள் வட அமெரிக்க நடுத்தர வாழ்க்கைமுறையின் விற்பனையாளராகி விடுகின்றனர் என்கிறார். அவர்களுக்கு வேறு வாழ்க்கை தெரியாது. ஆகவே வேறெதையும் எடுத்துச் செல்ல இயலாது. கிராமத்தில் அவர்கள் உண்மையாக உரையாடக் கூடியவர், அவர்களைப் போலவே வாழ விரும்பும் சிலர் மட்டுமே. மற்றவரிடையே அவர்கள் செவிடரும் ஊமையருமாக இருக்கின்றனர். தவறிழைத்து அதன்மூலம் தாம் வந்திருக்கவே கூடாது என்று காலங்கடந்து கற்றுக்கொள்வாராயின், அப்பாடத்துக்குரிய கட்டணத்தைச் செலுத்துவோர் கிராமத்தாரே. தொண்டு செய்ய விரும்பினால் தம் சொந்த நாட்டு ஏழைகளிடம் செல்லட்டும். மெக்சிக்கோவுக்கு வருவதானால் பார்க்கவும் படிக்கவும் மலையேறவும் வரட்டும். உதவும் நோக்கோடு மட்டும் வரவேண்டாம் என்று முடிக்கிறார்.

இவற்றுள் பெரும்பாலானவை பின்னர் பலராலும் பலமுறை கூறப்பட்டுப் பழகிய கருத்துக்களாகிவிட்டன. ஆயினும் ஒரு கருத்து இன்னும் கூர்மழுங்காமல் உள்ளது. சொந்த நாட்டு ஏழைகளிடம் செல்லுமாறு இல்லிச் கூறுவது, அங்கே தேவை மிகுதி என்பதற்காகவோ அருகில் உள்ளது என்பதற்காகவோ அன்று. அங்குள்ள ஏழை, வந்தவரை நோக்கிப் போய்விடு என்று சொல்ல முடியும். சொன்னால் வந்தவருக்கு அது புரியும். மெக்சிக்கோக் கிராமத்தார் சொன்னாலும் புரியாது. பெரும்பாலும் சொல்லவும் மாட்டார்கள்; விருந்தினரைத் துரத்துவது அவர்கள் மரபன்று. மறுக்க இயலாதவனுக்குச் செய்யும் உதவி உதவியா, திணிப்பா என்பதே இல்லிச் எழுப்பும் வினா. உரை முழுவதிலும் இறையியல் ஆழம் உடைய இடம் இதுவே என்று துணிந்து கூறலாம். கதவருகே நின்று தட்டுகிற கிறிஸ்துவைத் திருமறையின் கடைசி நூல் நமக்குக் காட்டுகிறது. உள்ளிருப்பவன் திறவாதிருக்கவும் கூடும் என்னும் நிலையில்தான் தட்டுதலுக்குப் பொருள் உண்டு.

குறைபாடும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. கிராமத்தார் மறுக்க இயலாதவர் என்று கூறும் இல்லிச், அவர்களுக்காகத் தாமே மறுக்கிறார். உரையில் மெக்சிக்கோக் குடியானவர் ஒருவரும் தம் வாயால் பேசுவதில்லை. ஐரோப்பாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குரு ஒருவர், ஆங்கிலத்தில், அமெரிக்க மாணவரிடம், மெக்சிக்கருக்காக வாதிடுகிறார். வழக்கறிஞர் திறமை மிக்கவர். கட்சிக்காரர் மட்டும் மன்றத்தில் இல்லை. அக்கிராமங்களில் யாரேனும் மாணவரை வரவேற்றனரா, எவர் வெறுத்தனர், எவர் அடுத்த கோடையை எதிர்பார்த்திருந்தனர், வந்தவருக்குச் சமைத்த பெண்கள் என்ன எண்ணினர் என்பவற்றுக்கு உரையில் இடமில்லை.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது, கிழக்கு ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்செயலராயிருந்த ஜான் காட்டூ 1971இல் விடுத்த அழைப்பு. அயல்நாட்டு அருட்பணியாளர் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கேனும் விலகியிருக்கட்டும். அப்போதுதான் ஆப்பிரிக்கத் திருச்சபை தன் கால்களை உணரும் என்றார் அவர். 1974இல் லுசாக்காவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பேரவையும் அதனை ஏற்றுப் பேசியது. மேலை நாடுகளின் அருட்பணிச் சங்கங்களில் அது பெரும் கலக்கத்தை விளைவித்தது நம் வாசகர் அறிந்ததே. இல்லிச்சும் காட்டூவும் கேட்டது ஏறத்தாழ ஒன்றே. ஆனால் காட்டூ விருந்தோம்பும் வீட்டின் உள்ளிருந்து பேசினார். அவர் வேண்டாம் என்றதிலேயே, பின்னொரு நாள் வருக எனக் கூறும் உரிமையும் அடங்கியிருந்தது. இல்லிச்சின் மறுப்பில் அவ்வுரிமை எவரிடமும் இல்லை. அதனாலேயே அவர் உரை ஒரு முட்டுச்சந்தில் முடிகிறது.

எஸ்னும் பீகாரும்

தொண்டுப் பயணத்தின் வரலாற்றை இல்லிச் 1961இலிருந்தே நோக்குகிறார். இன்னும் நாற்பதாண்டு பின்னோக்கிச் சென்றிருந்தால் அவருடைய வாதத்துக்கே வலுச்சேர்க்கும் நிகழ்ச்சி ஒன்றைக் கண்டிருப்பார்; அதே வேளையில் அவ்வாதம் வேறொரு திசையிலும் திரும்பியிருக்கும்.

பியேர் செரசோல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர். 1879இல் லோசானில் பிறந்தவர். அவர் தந்தை அந்நாட்டின் தலைவராக இருந்தவர். முதல் உலகப் போரின்போது இராணுவ வரி செலுத்த மறுத்ததற்காகச் சிறை சென்றார். 1920ஆம் ஆண்டின் இறுதியில், பல நாட்டு நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, போரினால் தரைமட்டமான வெர்டூனுக்கு அருகிலுள்ள எஸ்ன் என்னும் பிரெஞ்சுக் கிராமத்துக்குச் சென்றார். ஆங்கிலேயக் குவேக்கரும் உடனிருந்தனர். குண்டுகள் தோண்டிய குழிகளை மூடினர், பாதைகளைச் செப்பனிட்டனர், வீடிழந்தோருக்கு மரக்குடில்கள் எழுப்பினர். குழுவில் ஜெர்மானியர் சிலரும் இருந்தனர் என்பதே முக்கியம். எந்நாட்டார் அம்மண்ணை அழித்தனரோ அந்நாட்டாரின் கைகளும் அதனைத் திருத்தவேண்டும் என்பது செரசோலின் கருத்து.

கருத்து உயரியது. கிராமத்தார் பலருக்கோ அதனை ஏற்க மனமில்லை. மகனைப் புதைத்த மண்ணில் பகைவனின் மண்வெட்டியைக் காணப் பொறுக்கவில்லை. அரசு அலுவலரின் ஒத்துழைப்பும் கிட்டவில்லை. சில மாதங்களிலேயே, 1921ஆம் ஆண்டு வசந்தத்தில், அம்முயற்சி முடிவுற்றது. பன்னாட்டுப் பணிமுகாம் என்னும் அமைப்பின் வரலாற்றில் முதலாவது முகாமே இவ்வாறு மறுக்கப்பட்டு முடிந்தது. இவ்வியக்கத்தார் எழுதும் வரலாறுகள் எஸ்னை ஒரு வீரத் தொடக்கமாகப் போற்றி, அதன் முடிவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதுண்டு. நமக்கோ அம்முடிவே சிறப்பானதாகத் தோன்றுகிறது. எஸ்ன் மக்கள் போய்விடுங்கள் என்றனர், வந்தவருக்கு அது புரிந்தது, அவர்கள் போயினர். இல்லிச் 1968இல் வகுத்த அளவுகோல் 1921இலேயே நிறைவேறிற்று. மறுக்கும் உரிமையை மதித்ததால் இயக்கம் அழியவில்லை. 1924இல் பனிச்சரிவுக்குள்ளான சுவிஸ் ஊரொன்றிலும், 1928இல் ரைன் ஆற்று வெள்ளத்தால் மண்மூடிய லீக்டன்ஸ்டைன் நாட்டிலும் அதே மனிதர் மண்வெட்டியோடு நின்றனர். பின்னாளில் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்று உலகெங்கும் அறியப்பட்ட அமைப்பு இவ்வாறு வளர்ந்தது.

நம் நாட்டுத் தொடர்பும் இதற்கு உண்டு. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் செரசோல் இந்தியா வந்தார். நண்பர் ஒரு சிலரோடு முசாபர்பூர்ப் பகுதியில், வெள்ளத்துக்கு உள்ளாகிவிட்ட கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் பணியில் ஈடுபட்டார். இடையிடையே ஐரோப்பா சென்று திரும்பியும் 1937 வரை அப்பணி நீடித்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் இயங்கிய நிவாரணக் குழுவோடு ஒத்துழைத்தே இதனைச் செய்தனர். ஆட்சியும் சாதியும் உடலுழைப்பைக் கீழ்மக்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த நாட்டில், வெள்ளையர் மண்சுமந்தது கண்டோருக்கு எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

இல்லிச்சின் கணக்கு இங்கும் எழும். அக்கப்பற் கட்டணத்தில் எத்தனை பீகார்க் கூலியாளருக்கு வேலை கொடுத்திருக்கலாம்? கேள்வி நியாயமானது, பணத்தை மட்டும் நோக்கினால் விடையும் அவர் பக்கமே. ஆனால் செரசோல் பொறியாளர். அவர் தொழில் அங்கே பயன்பட்டது. வந்தவர் கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலர். இருந்ததோ வாரக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில். அவர்களுக்கு மேல் அந்நாட்டாரின் குழு ஒன்று இருந்தது. வேண்டாமெனில் அது சொல்லியிருக்கும். இந்த நான்கையும் இன்றைய குழுப் பயண அறிவிப்புகளோடு வைத்துப் பார்த்தால், தொழிலறியா இளைஞர் பதினைந்து இருபது பேர், இரண்டு வாரம், மேலே ஒரு பயண முகவர் என்று ஒவ்வொன்றும் தலைகீழாகியிருப்பதைக் காணலாம்.

அனுமதி வேண்டி நிற்றல்

இவ்வரலாற்றில் இன்னொரு பெயரையும் இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம். லோத்தார் கிரைசிக் ஜெர்மானிய நீதிபதி. தம் பொறுப்பிலிருந்த மனநோயாளர் கொல்லப்படுவதை 1940இல் எதிர்த்ததால் பதவியிழந்தவர். 1958இல் பெர்லினில் கூடிய ஜெர்மானியச் சுவிசேஷத் திருச்சபையின் பேரவையில், பரிகாரத்தின் அடையாளமாக இளைஞரை அயல்நாடுகளுக்கு அனுப்பும் இயக்கத்தை அவர் தொடங்கி வைத்தார். அதன் அறைகூவலில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது அதன் வினைச்சொல்லே. உதவ வருகிறோம் என்று அது சொல்லவில்லை. எங்களால் துன்புற்ற மக்களே, எங்கள் கைகளால் உங்கள் நாட்டில் ஏதேனும் நன்மை செய்ய எங்களை அனுமதிப்பீர்களா என்னும் பொருளில் அது வேண்டி நிற்கிறது. அனுமதி கிடைக்காமற் போகலாம் என்பது அவ்வேண்டுதலிலேயே அடங்கியுள்ளது. 1959 முதல் நார்வே, நெதர்லாந்து முதலிய நாடுகளில் ஜெர்மானிய இளைஞர் உழைத்தனர். குண்டுவீச்சில் சிதைந்த காவன்ட்ரி பேராலயத்தின் இடிபாடுகளிடையே உழைத்தனர். பிரான்சின் தேஸே சமூகத்தாருக்கு அவர்கள் எழுப்பிய ஒப்புரவாலயம் 1962இல் அர்ப்பணிக்கப்பட்டது. இன்றும் அங்கு ஆண்டுதோறும் கூடும் இளைஞர் அவ்வாலயத்தில்தான் வழிபடுகின்றனர்.

இல்லிச் இவ்வியக்கத்தை அறிந்திருந்தாரோ இல்லையோ, அவருடைய உரையில் இதற்கு மிக அருகில் வரும் ஓரிடம் உண்டு. தன் ஆற்றலைத் தானே விரும்பித் துறந்து, கொடுப்பவனாக அன்றிப் பெறுபவனாக மட்டும் ஒருவன் வரலாம் என்று ஒரு கணம் கூறுகிறார். அக்கருத்தை வளர்த்திருந்தால் உரை வேறொரு சிகரத்தை எட்டியிருக்கும். வளர்க்காமல், சுற்றுலாப் பயணியாய் வாருங்கள் என்னும் எள்ளலில் அதனை முடித்துவிடுகிறார். சொல்வன்மை மிக்கோருக்கு நேரும் இழப்பு இது.

இன்றைய நிலை

இல்லிச் எச்சரித்த மாணவர் தம் கோடையை இழந்து, தம் சபையாரிடம் நிதி திரட்டிச் சென்றவர். அதன்பின் வந்த அரை நூற்றாண்டில் இது ஒரு வாணிபமாகியுள்ளது. தொண்டு செய்ய விரும்புவோரிடம் கட்டணம் பெற்று, தொண்டுக்குரிய இடத்தை ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் தோன்றின. இவற்றின் துண்டுப் பிரசுரங்களைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி கிடைக்கிறது. விமான நேரம், கொசுவலை, மலையேற்றத்துக்குரிய காலணி, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குச் செல்லும் வண்டி எல்லாம் அவற்றில் உண்டு. தங்கப்போகும் ஊரின் பெயரும், அவ்வூரில் அழைத்தவர் யார் என்பதும் பல பிரசுரங்களில் இல்லை.

பயணம் மலிவு என்கிறார்கள். யாருக்கு மலிவு? விமானக் கட்டணம் எவருக்காகவும் குறையாது. குறைவது தங்குமிடமும் சோறும். பள்ளி வகுப்பறையில் பாய்விரித்துப் படுக்கலாம், ஊராரோடு உண்ணலாம். இருபது பேருக்குக் காலையும் மாலையும் அடுப்பு மூட்டுவோர் பெண்கள். தண்ணீர் தூரத்திலிருந்து வரும் ஊராயின் அதனைச் சுமப்போரும் அவர்களே. ஏற்கெனவே நிறைந்திருக்கும் அவர்களது நாளில் இவ்வுழைப்பு மேலும் ஏறுகிறது. முகவரின் கணக்கேட்டில் ஏறுவதில்லை. அதற்கீடாக இளைஞர் செய்யும் வேலை சுவருக்குச் சாயம் பூசுவதாக இருப்பின், அவ்வூரில் சாயம் பூசிப் பிழைக்கும் ஒருவர் அவ்வாரக் கூலியை இழந்திருப்பார். மலிவு என்பது பெரும்பாலும் செலவு மறைந்திருக்கும் இடத்துக்குப் பெயர்.

இது வெறும் தருக்கமன்று. 1998இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸ் நாட்டை அழித்தபின் வட அமெரிக்கத் திருச்சபைகளின் குழுக்கள் அங்கே சென்று வீடு கட்டின. அந்நாட்டில் வாழ்ந்து பணியாற்றும் சமூகவியலார் கர்ட் வெர் பீக், வந்தவர் கட்டிய வீட்டில் குடியேறியோரையும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறியோரையும் விசாரித்து 2006இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவ்விரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. சென்று திரும்பியோரின் ஈகையிலும் மன்றாட்டிலும் நிலைத்த மாற்றமும் பெரிதாகத் தென்படவில்லை. ஏறத்தாழ 2,000 டாலர் மதிப்புள்ள வீட்டைக் கட்ட 30,000 டாலர் செலவிட்டு ஒரு குழு பறந்து வரவேண்டுமா என்னும் கேள்வி அங்கே எழுந்தது. அப்பணத்தை அனுப்பினால் மேலும் பல வீடுகள் எழும். உள்ளூராருக்கு வேலையும் கிட்டும் என்று கூறினர். இல்லிச் அழைத்து வராத சாட்சிகள் இவர்களே. அவர்கள் பெரும்பாலும் இல்லிச்சின் பக்கம் பேசினர். எனினும் அவர் குரலில் பேசவில்லை. வந்தவரை அன்போடு நினைவுகூர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

இதனினும் கொடியது குழந்தைகள் பற்றிய செய்தி. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. போர் முடிந்து பல ஆண்டுகளான நாட்டில் அனாதைகள் ஏன் பெருகவேண்டும்? அங்கிருந்த பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். அயல்நாட்டு இளைஞர் வந்து சில வாரம் கொஞ்சி விளையாட அனாதைகள் தேவைப்பட்டனர். ஆகவே அனாதைகள் உருவாக்கப்பட்டனர். வந்தவர் ஒவ்வொருவரோடும் பற்றுக்கொண்டு ஒவ்வொருவரையும் இழக்கும் குழந்தையின் உள்ளம் என்னாகும் என்பதை ஆற்றுப்படுத்தல் பயிலும் நம் மாணவருக்கு விளக்கவேண்டியதில்லை. 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைக்கெதிரான சட்டத்தை இயற்றியபோது இவ்வாணிபமும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஆய்வுக்குள்ளாயிற்று. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை தன் தீர்மானமொன்றில் அனாதை இல்லங்களில் நிகழும் இத்தகைய தொண்டின் தீங்கைச் சுட்டியது. நல்லெண்ணம் நரகத்துக்குப் போகட்டும் என்று இல்லிச் சொன்னபோது அது மிகைக்கூற்றாகத் தோன்றியிருக்கலாம். இங்கே நல்லெண்ணம் பிறருக்கு நரகத்தைக் கட்டிக் கொடுத்துள்ளது.

(2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் மலையெனக் குவிந்து, எடுப்பாரின்றி மழையில் கிடந்ததை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். மீனவர் அவற்றை வேண்டாம் என்றனர். சிலர் அதனை நன்றிகெட்ட செயலாகப் பேசினர். உடுத்திய துணியை ஏற்க மறுப்பவனுக்கும் மானம் உண்டு என்று அவர்கள் நினைக்கவில்லை.)

திருமறை காட்டும் விருந்தினர்

லூக்கா பத்தாம் அதிகாரத்தை இவ்விவாதத்தில் இருசாராரும் எடுத்தாளுவர். ஆனால் பெரும்பாலும் அதன் பிற்பகுதியை மட்டும். சமாரியன் அவ்வழியே தன் காரியமாகச் சென்றவன். அடிபட்டவனைத் தேடிப் பயணம் ஏற்பாடு செய்தவனல்லன். அவன் செலவிட்டதும் உள்ளூர்ச் சத்திரக்காரனிடமே. அவ்வளவில் அவ்வுவமை பயண முகவருக்குத் துணைசெய்யாது. நமக்கு வேண்டுவது அதே அதிகாரத்தின் முற்பகுதி. எழுபதுபேரை அனுப்புகையில் ஆண்டவர் பணப்பையும் சாமான்பையும் பாதரட்சையும் வேண்டாம் என்றார். ஒரே வீட்டில் தங்கவும், வைப்பதை உண்ணவும், வீடுவிட்டு வீடு மாறாதிருக்கவும் கட்டளையிட்டார். இவ்வளவும் மலிவுப் பயணத்தின் விதிகள் போலவே தோன்றும். வேறுபாடு அடுத்து வருகிறது. ஏற்றுக்கொள்ளாத ஊரும் இருக்கும். அங்கே தெருவில் நின்று காலில் ஒட்டிய தூசியைத் துடைத்துப்போட்டு வெளியேறுங்கள் என்கிறார். அனுப்பும்போதே மறுப்புக்கும் இடம் வைத்து அனுப்பினார். தூசியை உதறுவதைத் தண்டனைச் செயலாகவே பிரசங்கித்துப் பழகிவிட்டோம். அதன் கடுமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேண்டாம் என்ற ஊரில் வந்தவன் தங்குவதில்லை, அவ்வூரின் மண்ணையும் எடுத்துச் செல்வதில்லை என்னும் பொருளும் அச்செயலில் உண்டு.

மக்கெதோனியா செல்லுமுன் பவுலுக்கும் ஓர் அழைப்பு வந்தது. அங்கிருந்து ஒருவன் நின்று உதவி கேட்டான். கரை தாண்டியபின் நிகழ்ந்தது என்ன? பவுல் யாருக்கும் வீடு கட்டவில்லை. லீதியாள் தன் வீட்டில் தங்குமாறு வருந்திக் கேட்டுக்கொள்ள, அவர் விருந்தினராகிறார். அழைத்தவர் உதவி கேட்டனர். வந்தவரோ முதலில் உதவி பெற்றார்.

இவ்வளவில், இல்லிச்சின் உரை மாணவரை எச்சரிக்கப் பயன்படும். வழிநடத்தப் போதாது என்று கூறுவோம். உதவ வராதே, கற்க வா என்பது அவர் தீர்ப்பு. கற்க வருபவனும் எடுத்துச் செல்பவனே. பிறர் வறுமையைப் பாடநூலாகப் புரட்டிவிட்டு, நிழற்படத்தோடும் ஒரு சாட்சியுரையோடும் ஊர் திரும்புபவன், சுவருக்குச் சாயம் பூசியவனைவிட மேலானவன் என்று நாம் கருதவில்லை. விருந்தினன் நிலை வேறு. அவன் கடன்பட்டவன், அவன் வீட்டுக் கதவும் ஒரு நாள் தட்டப்படும்.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்னும் சொல்லை இங்குதான் உரசிப் பார்க்கவேண்டும். பரிமாற்றமென்றால் இரு திசையிலும் ஆள் போகவேண்டும். செல்வ நாட்டு இளைஞர் எந்த ஏழை நாட்டுக்கும் சில நாளில் விசா பெறுகின்றனர். பல இடங்களில் அதுவும் தேவையில்லை. அவர்களுக்குச் சோறிட்ட வீட்டின் மகனோ மகளோ அவர்கள் நாட்டுக்குச் செல்ல விண்ணப்பித்தால், வங்கிக் கணக்கைக் காட்டு, நிலத்தைக் காட்டு, திரும்பி வருவாய் என்பதற்குச் சான்று காட்டு என்று கேட்டு, கட்டணத்தையும் வைத்துக்கொண்டு மறுத்துவிடுவர். இந்நிலையில் நம் மாணவர் இரு பக்கத்தும் நிற்கின்றனர். ஐரோப்பியத் தூதரகத்தின் வாயிலில் அவர்கள் மறுக்கப்படுவோர். நேப்பாளத்துக்கோ கம்போடியாவுக்கோ செல்லும் குழுவில் சேர்ந்தால் அவர்களும் பணப்பையோடு வரும் அயலாரே. ஆசிய நிறத்தால் அவ்வேறுபாடு மறைந்துவிடாது.

ஆகவே, போகலாமா என்று கேட்கும் மாணவருக்கு நாம் ஒருவாறு மறுமொழி கூறி வருகிறோம். அழைத்தவரின் பெயரைக் கேளுங்கள். அவ்வூரார் இதற்குமுன் எந்தக் குழுவையேனும் வேண்டாமென்றதுண்டா என்று கேளுங்கள். ஒருபோதும் இல்லை என்றால் மகிழாதீர்கள், ஐயுறுங்கள். சமைப்போருக்கு என்ன கூலி என்று கேளுங்கள். குழந்தைகள் இல்லம் நிரலில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் நேர்மையான விடை தரும் சிறு குழுக்களும் உள்ளன. செரசோலின் வழிவந்தோர் இன்னும் அற்றுப்போகவில்லை. கடைசியாக, இவ்வாண்டு விருந்தோம்பும் ஊரின் இளைஞர் இருவரேனும் மறு ஆண்டில் நம் ஊருக்கு வந்து, நம் வீடுகளில் தங்கி, நம் குறைகளைக் கண்டு சொல்லிச் செல்லும் ஏற்பாடு உண்டா, அவர்களுடைய விசாவுக்கும் பயணத்துக்கும் உரிய பணம் இக்குழுவின் கட்டணத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்கச் சொல்கிறோம். சேர்த்தால் பயணம் மலிவாக இராது என்று அமைப்பாளர் கூறுவர். கூறட்டும்.